கஸ்டோரியா: மேலங்கியின் உட்புறம்

வட கிரேக்கத்தின் தெசலோனிகி நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் எக்னாத்தியா நெடுஞ்சாலை, வெர்மியோ மலைத்தொடரைச் சுரங்கப் பாதைகளால் துளைத்துக்கொண்டு கொசானி வட்டாரத்தை அடைந்து, சியாத்திஸ்தா என்னும் சிற்றூருக்கு அருகில் வடக்கே ஒரு கிளையைப் பிரித்துவிடுகிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியர் அத்ரியாத்திக் கடற்கரையிலிருந்து கிழக்கே அமைத்த பெருவழியின் பெயரைத் தாங்கியுள்ள இந்தச் சாலை, சுமார் 670 கிலோமீட்டர் நீளத்துடன் 2009இல் நிறைவுற்றது. கிளைச் சாலையில் ஏறிய சிறிது நேரத்திலேயே இருபுறமும் உள்ள கம்பி வேலி வழக்கத்தைவிட உயரமாகவும் உறுதியாகவும் இருப்பது கண்ணில் படும்; பிந்துஸ் மலைக்காடுகளின் பழுப்புக் கரடிகள் சாலையைக் கடக்க முயன்று வாகனங்களில் அடிபட்டு இறந்ததால், காட்டுயிர் ஆர்வலர்களின் வற்புறுத்தலுக்குப் பின் எழுப்பப்பட்ட வேலி அது. அதைக் கடந்ததும் ஃபர் கோட்டுக் கடைகளின் விளம்பரப் பலகைகள் தொடங்குகின்றன. அவற்றில் பல, கிரேக்க எழுத்தோடு ரஷ்ய எழுத்தையும் தாங்கி நிற்பவை.

பலகைகள் அழைக்கும் ஊரான கஸ்டோரியா, ஒரெஸ்டியாடா ஏரிக்குள் நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் கழுத்தில், கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. கடுங்குளிர் ஆண்டுகளில் ஏரி உறைந்துபோவதும் உண்டு. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரொக்கோப்பியஸ் ஏரியையே கஸ்டோரியா என்னும் பெயரால் குறிப்பிட்டிருக்கிறார். கிரேக்க மொழியில் 'காஸ்தோரஸ்' என்பது பீவர் எனப்படும் நீர்வாழ் கொறிவிலங்கைக் குறிக்கும் சொல்லாதலால், அடர்ந்த உரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட அந்த விலங்கே ஊருக்குப் பெயர் தந்தது என்று பலரும், கோட்டையைக் குறிக்கும் 'காஸ்த்ரோ'விலிருந்தே பெயர் வந்தது என்று வேறு சிலரும் கூறுவர். பெயர்க் காரணம் எதுவாயினும், ஏரியில் இன்று பீவர் இல்லை. பெலிக்கன்களும் அன்னங்களும் மட்டுமே கரையோரப் பிளேன் மரங்களின் நிழலில் ஒதுங்குகின்றன.

பைசாந்தியக் காலத்தையும் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளையும் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இச்சிறு நகரில் உள்ளன. தோல்த்சோ, அப்போசாரி என்னும் பழைய குடியிருப்புகளில் கல்லால் எழுப்பிய கீழ்த்தளங்களும், தெருவின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தாலான மேல்தளமும் கொண்ட மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களுள் உரோம வணிகத்தில் செல்வம் ஈட்டிய குடும்பத்தார் பலர். 1912 வரை ஓட்டோமான் ஆட்சியில் இருந்த இந்த ஊரின் வணிகர்கள் கான்ஸ்தாந்திநோப்பிள், வியன்னா, லைப்சிக் ஆகிய நகரங்களுக்குச் சென்று தங்கித் தொழில் செய்தனர். லைப்சிக்கின் 'புரூல்' தெரு உலக உரோம வணிகத்தின் தலைமையிடமாக இருந்த காலத்தில் கிரேக்க வணிகரும் அங்கே கடை வைத்திருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவ்வணிகம் ஃபிராங்க்ஃபுர்ட்டுக்கு இடம்பெயர்ந்தபோது கஸ்டோரியாவினரும் சியாத்திஸ்தாவினரும் அங்கே குடியேறினர். நியூயார்க்கின் உரோமத் தொழில் வட்டாரத்திலும் இவ்வூரார் கணிசமாக உழைத்துள்ளனர். அதே போர்க்காலத்தில், 1944 மார்ச்சில், ஊரின் யூதச் சமூகம் முழுவதும் பிடிக்கப்பட்டு அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டது. ஆயிரம் பேரளவில் சென்றவர்களில் உயிரோடு மீண்டவர் மிகச் சிலரே.

கஸ்டோரியாவின் தனித்திறமை, மற்றவர்கள் வெட்டி ஒதுக்கியதை எடுத்து உடுப்பாக்கியதில் இருக்கிறது. உரோம அங்கி தைக்கும் பெருநகரப் பட்டறைகளில் தோலை அளவுக்கு வெட்டும்போது கால், வால், வயிறு, கழுத்தோரம் ஆகிய பகுதிகள் மிஞ்சும். கிரேக்கத்தில் 'அப்போகோமத்தா' எனப்படும் இத்துண்டுகளை மூட்டை மூட்டையாக வரவழைத்து, நிறம், மயிரின் நீளம், மயிர் சாயும் திசை ஆகிய மூன்றையும் பார்த்துப் பிரித்து, ஒட்டுத் தெரியாமல் இணைத்துப் பெரிய விரிப்புகளாக்கி, அவ்விரிப்புகளிலிருந்து கோட்டுகளை வெட்டியெடுப்பது தலைமுறை தலைமுறையாக இவ்வூரின் வேலையாக இருந்துவந்தது. தைப்பதற்கென்றே தனி வகைத் தையல் எந்திரம் உண்டு. சிறிய கிண்ணங்களைக் கவிழ்த்ததுபோன்ற இரண்டு உலோக வட்டுகள் எதிரெதிராகச் சுழல, அவற்றின் விளிம்புகளுக்கிடையே இரண்டு தோல் துண்டுகளின் ஓரங்கள் செங்குத்தாக நிறுத்தப்படும். பக்கவாட்டில் பாயும் ஊசி, ஓரத்தைச் சுற்றி நூலைக் கோத்துக்கொண்டே போகும். மயிர் தையலுக்குள் சிக்கினால் வெளிப்புறத்தில் கோடு விழுந்துவிடும் என்பதால், தைப்பவர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மயிரை உள்ளே தள்ளிவிட்டபடியே துண்டை நகர்த்துகிறார். இந்த ஒரு செயலில் கை பிசகாதிருக்கவே ஆண்டுக்கணக்கான பழக்கம் தேவைப்படுகிறது.

ஒரு ஃபர் கோட்டு உண்மையானதா என்ற கேள்விக்கு இந்த ஊரில் ஒற்றை விடை கிடைக்காததற்குக் காரணம் துண்டுகளை இணைக்கும் இந்தத் தொழிலே. விலங்கின் தோலா செயற்கை இழையா என்பது முதல் கேள்வி. விலங்கின் தோல் என்றால், சொல்லப்படும் அதே விலங்கினுடையதா என்பது அடுத்தது. அதற்கு மேலும், முழுத் தோல்களால் தைத்ததா, துண்டுகளால் இணைத்ததா, நிறம் இயற்கையானதா, சாயமா, தோல் இன்னும் உயிர்ப்போடு இருக்கிறதா, உலர்ந்து நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டதா என்று கேள்விகள் நீளும். இவற்றில் ஒன்றுக்கு உண்மையான விடையைச் சொல்லி மற்றவற்றில் வாங்குபவரை ஏமாற்ற விற்பவரால் முடியும். மிங்க் என்னும் நீரோர வேட்டை விலங்கின் தோல் துண்டுகளால் ஆன கோட்டும் மிங்க் கோட்டுதான். ஆனால் முழுத்தோல் கோட்டின் விலையை அதற்குக் கேட்பது மோசடி.

முதல் கேள்விக்கான சோதனை எளிமையானது. உரோமத்தின்மேல் மெல்ல ஊதியோ விரல்களால் பிரித்தோ மயிரின் அடியைப் பார்க்க வேண்டும். உண்மையான உரோமத்தில் மயிர் தோலிலிருந்து முளைத்திருக்கும். போலியில் பின்னிய அல்லது நெய்த துணியிலிருந்து வரிசை வரிசையாகக் கிளம்பும். குளிர்நாட்டு விலங்குகளின் உரோமம் இரண்டு அடுக்கு உடையது. மேலே நீண்டு பளபளக்கும் காப்பு மயிர், மழையையும் பனியையும் தடுப்பது. அதன் கீழே குட்டையாக, பஞ்சுபோல் அடர்ந்திருக்கும் அடிமயிர், உடற்சூட்டைக் காப்பது. வெட்டப்படாத காப்பு மயிர் நுனியை நோக்கி ஊசிபோல் மெலிந்து முடியும். செயற்கை இழை பெரும்பாலும் கத்தரித்த நுனியோடு மொட்டையாக நிற்கும். இருப்பினும் நுனியை மெலியச் செய்யும் நுட்பம் செயற்கை இழைத் தொழிலிலும் வந்துவிட்டது. வெல்வெட் போலத் தோன்றுவதற்காக உண்மையான மிங்க்கின் மயிரையும் கத்தரிப்பதுண்டு. ஆகவே நுனியை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. வலைத்துணியில் மெல்லிய தோல் நாடாக்களைக் கோத்துச் செய்யும் பின்னல் உரோம உடுப்புகளும் இருப்பதால், அடியில் துணி தெரிந்தவுடன் போலி என்று தள்ளிவிடவும் கூடாது; துணிக்குள் தோல் நாடா ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு மூன்று மயிர்களைப் பிடுங்கி இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டும் சோதனை பரவலாக அறியப்பட்டது. விலங்கின் மயிர் பொசுங்கி, தலைமுடி கருகும் நாற்றம் வீசி, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விட்டுச்செல்லும். அக்ரிலிக் போன்ற செயற்கை இழை உருகிச் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றத்தோடு கெட்டியான மணியாக உறையும். ஆனால் ஆட்டு உரோமமும் கருகும்போது அதே நாற்றத்தைத் தரும் என்பதால், எரிந்தது விலங்கு மயிர் என்பதற்கு மேல் இச்சோதனை எதையும் சொல்வதில்லை. அதோடு, கடைக்காரரின் இசைவின்றிச் செய்யத்தக்க சோதனையும் அன்று. குண்டூசியை அடிவரை குத்திப் பார்ப்பதும் அத்தகையதே: துணியில் ஊசி தடையின்றி நுழையும், தோலில் திணறும்.

எந்த விலங்கு என்ற இரண்டாம் கேள்வியில்தான் இத்தொழிலின் பழைய தந்திரங்கள் குடியிருக்கின்றன. முயல்தோலைக் கத்தரித்துச் சாயமேற்றி விலையுயர்ந்த விலங்கின் தோலாகக் காட்டுவதும், கத்தரித்துக் கறுப்புச் சாயமிட்ட மஸ்க்ராட் தோலை, அதாவது நீரோரம் வாழும் ஒரு கொறிவிலங்கின் தோலை, 'ஹட்சன் சீல்' என்ற கம்பீரமான பெயரில் விற்பதும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு நாடுகளில் வழக்கமாக இருந்தன. பெயரில் இருந்த சீல் எனும் கடல்நாய் அந்தக் கோட்டில் இல்லை. இத்தகைய பெயர்களை ஒழிப்பதற்காகவே அமெரிக்கா 1951இல் உரோமப் பொருள் லேபிள் சட்டத்தை இயற்றியது. விலங்கின் உண்மையான பெயர், தோல் எந்த நாட்டிலிருந்து வந்தது, சாயமேற்றியதா என்பவற்றோடு, கால், வால், வயிறு, கழிவுத் துண்டுகள் ஆகியவற்றால் பெருமளவு ஆனதா என்பதையும் லேபிளில் எழுத வேண்டும் என்று அச்சட்டம் கட்டளையிட்டது. நுகர்வோருக்காக இயற்றப்பட்ட சட்டங்களில் இவ்வளவு தெளிவாகப் பொருளின் உட்புறத்தை நோக்கிக் கை நீட்டியவை குறைவு.

மிங்க்கின் மயிர் குட்டையாக, ஒரே சீரான நீளத்தில், அடர்ந்து மினுங்கும். கையால் எதிர்த்திசையில் தடவினாலும் உடனே தன் இடத்துக்குத் திரும்பும். முயலின் மயிர் மென்மையானதாயினும் உறுதியற்றது. தடவிய கையில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். சைபீரியக் காடுகளின் சேபிளின் மயிர், எந்தத் திசையில் தடவினாலும் அந்தத் திசையிலேயே பணிந்து கிடக்கும் இயல்புடையது. வெள்ளி நுனி கொண்ட மயிர்கள் இடையிடையே தெரிவது அதன் சிறப்பு. தென்னமெரிக்காவின் சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிரிழைகள் கிளம்புவதால், ஊதினாலும் தோல் தெரியாத அளவுக்கு அடர்த்தி உண்டு. இவையெல்லாம் பழகிய கைக்கு உதவும் அடையாளங்களே. ஐயத்துக்கு இடமில்லாத விடை வேண்டுமானால் மயிரிழையை நுண்ணோக்கியில் வைத்து, அதன் மேற்பரப்புச் செதில்களின் வரிசையையும் நடுவே ஓடும் உள்தண்டின் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விலங்கினத்துக்கு விலங்கினம் இவ்விரண்டும் மாறுபடும்.

கோட்டைப் புரட்டி உட்புறத்தைப் பார்க்கும்போதுதான் மற்றக் கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது. நேர்மையாகத் தைக்கப்பட்ட ஃபர் கோட்டுகள் பலவற்றில் லைனிங் துணி கீழ் விளிம்போடு சேர்த்துத் தைக்கப்படாமல் தொங்கவிடப்பட்டிருக்கும். அதை உயர்த்தினால் தோலின் உட்பக்கம் வெளிப்படும். உயர்தர மிங்க் கோட்டில் அங்கே பயணி காண்பது வியப்பூட்டும் காட்சி. ஒரு மிங்க் தோல் கோட்டின் முழு நீளத்துக்கு எட்டாது. ஆகவே தோலின் நடுவில் முதுகெலும்பையொட்டி ஓடும் கருங்கோட்டின் இருபுறமும் சரிவாக, சுமார் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாக்களாக அறுத்து, ஒவ்வொரு நாடாவையும் சற்றே கீழே இறக்கி மறுபடியும் தைத்துவிடுகிறார்கள். அகலம் குறைந்து நீளம் கூடிய அந்தத் தோல், தோளிலிருந்து கீழ் விளிம்புவரை இடையறாமல் ஓடும். பின் அதை நனைத்து, பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்த அளவுக்கு இழுத்து, ஆணியடித்துக் காயவிடுகிறார்கள். நீண்ட கோட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது தோல்கள் தேவைப்படுவதால், உட்புறத்தில் அம்பின் முனைகளை அடுக்கியதுபோல் ஆயிரக்கணக்கான சரிவுத் தையல்கள் நெருங்கி நிற்கும். வெளிப்புறத்தில் மிங்க் கோட்டுக்கே உரிய செங்குத்துக் கோடுகளாகத் தெரிவது இவ்வேலையின் விளைவே.

துண்டுகளால் ஆன கோட்டின் உட்புறம் வேறு மாதிரி. அங்கே தையல்கள் ஒழுங்கான சரிவில் ஓடாமல், உடைந்த ஓடுகளைப் பதித்த தரைபோல, வளைந்தும் கோணியும் ஒன்றையொன்று வெட்டும். வெளிப்புறத்தில் இரண்டையும் வேறுபடுத்த முடியாத அளவுக்குக் கஸ்டோரியாவின் கைகள் தேர்ந்தவை. உட்புறம் மட்டும் பொய் சொல்வதில்லை. தோலின் நிறமும் அங்கேதான் தெரியும். சாயம் காணாத தோலின் உட்பக்கம் வெண்மையாகவோ பாலேட்டு நிறத்திலோ இருக்கும்; மயிரோடு சேர்த்துச் சாயத்தொட்டியில் மூழ்கியெழுந்த தோலில் சாயத்தின் சுவடு படிந்திருக்கும். பழைய கோட்டு என்றால் தோலை விரல்களுக்கிடையே மெல்ல மடித்துப் பார்க்க வேண்டும். நல்ல தோல் துணிபோல் ஓசையின்றி மடியும். உலர்ந்து கெட்ட தோல் காகிதம் கசங்குவதுபோல் சரசரத்துப் பிளக்கும். பிளக்கத் தொடங்கிய தோலைச் சீர்ப்படுத்த எந்தப் பட்டறையாலும் இயலாது.

உட்புறத்தில் தைக்கப்பட்டிருக்கும் ஏல நிறுவனத்தின் பட்டுத்துணி லேபிளைக் காட்டி விற்பனையாளர் விவாதத்தை முடித்துவிட முயல்வதுண்டு. கோப்பன்ஹேகன் ஃபர், சாகா ஃபர்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் தங்களிடம் விலைபோன தோல்களுக்குத் தரத்துக்கேற்ப வழங்கிய லேபிள்கள் அவை. தோலைவிட லேபிளைப் போலி செய்வது எளிது என்பதையும், கழற்றி வேறொரு கோட்டில் தைக்கக் கூடியது லேபிள் என்பதையும் வாங்குபவர் மறக்கலாகாது. டென்மார்க்கில் 2020 நவம்பரில், மிங்க் பண்ணைகளில் பரவிய கொரோனா நச்சுயிரி உருமாறி மனிதருக்குத் தொற்றியதையடுத்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மிங்க்குகள் கொல்லப்பட்டன. அவற்றோடு கோப்பன்ஹேகன் ஃபர் நிறுவனமும் தன் தொழிலை முடித்துக்கொள்ள முடிவெடுத்தது.

கஸ்டோரியாவின் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் கடைகளுக்கு வேறு காரணமும் உண்டு. சோவியத் ஒன்றியம் குலைந்தபின் ரஷ்யரே இவ்வூரின் தலையாய வாடிக்கையாளராயினர். 2014இல் ரூபிளின் மதிப்பு சரிந்தபோது முதல் அடியும், 2022இல் உக்ரைன் போரையடுத்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு ஆடம்பரப் பொருள்களை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தபோது இரண்டாம் அடியும் விழுந்தன. இவ்வட்டாரப் பண்ணைகளிலிருந்து 2010இல் பல்லாயிரக்கணக்கான மிங்க்குகளை விலங்கு உரிமை ஆர்வலர்கள் இரவில் திறந்துவிட்ட செய்தியும் உண்டு. மிங்க் இயல்பில் நீரோரம் தனித்து அலையும் வேட்டை விலங்கு; அதைக் கம்பிக்கூண்டில் அடைத்து வளர்ப்பது கொடுமை என்ற வாதத்துக்குத் தொழில் தரப்பில் மனநிறைவான விடை இதுவரை வரவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்பதையும், துண்டுகளை இணைத்துத் தைக்கும் முதிய கைகளின் திறமை பெரிது என்பதையும் இவ்வூரைக் காண்பவர் ஒருசேர ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உண்மையைக் கண்டறியும் இச்சோதனைகள் உரோமத்தை விரும்புவோரைவிட அதை மறுப்போருக்கே இன்று அதிகம் தேவைப்படுகின்றன. உண்மை உரோமத்தைப் போலி என்று விற்கும் தலைகீழ் ஏமாற்று பெருகியிருப்பதே காரணம். கூண்டுகளில் பெருமளவில் வளர்க்கப்படும் ராக்கூன் நாய் போன்ற விலங்குகளின் தோலும் முயல்தோலும் மலிந்துவிட்டதால், தொப்பியின் ஓரத்திலும் கழுத்துப்பட்டையிலும் தைக்கும் உரோமம் சில வேளை தரமான செயற்கை இழையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது; போலி உரோமம் என்று சொல்லி உண்மை உரோமத்தை விற்றதற்காகச் சில விற்பனையாளர்கள்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2013இல் நடவடிக்கை எடுத்தது. நாய், பூனை உரோமத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2008 இறுதியிலிருந்து முற்றாகத் தடை செய்துள்ளது. ஒன்றியத்தின் துணிநூல் லேபிள் விதியோ, விலங்கிலிருந்து பெற்ற, துணிநூல் அல்லாத பகுதிகள் உள்ளன என்று மட்டும் எழுதினால் போதும் என்கிறது. எந்த விலங்கு, உரோமமா வெறும் தோலா என்று சொல்ல வேண்டியதில்லை. முழு உரோம அங்கி துணிநூல் பொருளாகவே கருதப்படாததால் அதற்கு அந்த அரைகுறை விதிகூடப் பொருந்தாது. 1951இல் அமெரிக்கா எழுதியதை ஐரோப்பா இன்னும் எழுதாமல் இருப்பது பெருங்குறை.

இந்திய அரசு 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் உரோமத் தோல்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து படிப்புக்காகவும் வேலைக்காகவும் குளிர்நாடுகளுக்குச் செல்வோர், இறங்கிய முதல் வாரத்தில் அங்கேயே வாங்கும் குளிர்கால ஜாக்கெட்டின் தொப்பி விளிம்பில் அதே விலங்குகளின் மயிர் இருக்கக்கூடும். விரும்பி அணிபவராயினும், ஓர் உயிரின் தோலை அணியமாட்டேன் என்று உறுதி கொண்டவராயினும், லேபிளில் எழுதியிருப்பதை நம்பிவிடாமல் அந்த உரோமத்தை இரு விரல்களால் பிரித்து, அடியில் தெரிவது தோலா துணியா என்று பார்த்த பிறகே அவர்கள் விலை கேட்க வேண்டும்.